வீஜிஏ கார்ட் கேட்டு வந்த மெஷின்

2025 ஆகஸ்டில் ஒரு மழை நாள். தலவாக்கலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நனையாமல் உரச் சாக்கில் சுற்றிய டெஸ்க்டொப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்தார். சாக்கைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: “தம்பி, ஒரு நல்ல வீஜிஏ கார்ட் போட்டு விடுங்க. எடிட் பண்ண உட்கார்ந்தா இழுத்துக்கிட்டே கிடக்குது.”

நம் பக்கம் கிராபிக்ஸ் கார்டுக்கு வீஜிஏ என்றுதான் பெயர். மொனிட்டருக்குப் போகும் அந்த நீலத் தலைக் கேபிளும் வீஜிஏதான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இந்த வேலையில் ஒரு கூத்து நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மெஷின் டெல் ஒப்டிப்ளெக்ஸ் 7010, மினி டவர். 2012இல் வந்த மொடல். உள்ளே கோர் ஐ5 3470, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிடும் இந்த ரகப் பெட்டிகள் மலையேறி வந்து நம் கொமினிகேஷன் கடைகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் இன்னொரு பத்து வருடம் ஓடுகின்றன. குறை சொல்ல முடியாத பெட்டி. பக்க மூடியைக் கழற்றினேன். முன்பக்கக் காற்று வழியில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. தோட்டத்தில் ஆட்களைக் கொட்டித் துரத்துகிற குளவி இல்லை, இது சின்னது. கூடு காலி. தூசியும் ஈரமும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் களி மாதிரி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, பிராசசரில் காய்ந்து கிடந்த பேஸ்டை மாற்றி, ரேம் கால்களை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்த பிறகுதான் கரண்ட் கொடுத்தேன்.

டெஸ்க்டொப் தெரிய 4 நிமிடம் 10 விநாடி. அதற்குப் பிறகும் ஐக்கனை அழுத்தினால் பதில் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் 12 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம், அதன் மறுமொழி நேரம் 1,800 மில்லி செக்கனைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடிட் மென்பொருளை இன்னும் திறக்கக்கூட இல்லை. சும்மா இருக்கும்போதே மெஷின் டிஸ்கின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்த நிலையில் எந்தக் கார்டைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

டிஸ்கின் உடல்நலத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை. வாசிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள்), அந்த மென்பொருளில் சி5 வரிசை, 30 என்று காட்டியது. அண்ணனின் மருமகன் வீட்டிலேயே இதைப் பார்த்துவிட்டு, “முப்பதுதானே மாமா, பரவால்ல” என்று சொல்லியிருக்கிறார். அந்த மென்பொருள் மூல எண்களை இயல்பாகப் பதினாறடிமானத்தில்தான் காட்டும். அங்கே 30 என்றால் மூன்று பதினாறு, நம் கணக்கில் 48. முப்பதோ நாற்பத்தெட்டோ, டிஸ்க் போகத் தொடங்கிவிட்டது என்பதுதான் விஷயம்.

“உள்ள என்னண்ணே இருக்கு?” என்று கேட்டேன். கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோயில் தேர் எல்லாம் இருக்கிறது, அதெல்லாம் பார்ட்டிக்குக் கொடுத்தாயிற்று என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பா எடுத்த காமன் கூத்து டேப்பெல்லாம் அதுலதான் ஏத்தி வச்சிருக்கேன்” என்றார். நம் தோட்டங்களில் ஆடும் அந்தக் கூத்து, பதினான்கு மினிடிவி (MiniDV) வீடியோ கெமரா கசெட்டுகளில். கசெட்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்துவிட்டது. நம் ஊர் ஈரத்தில் நாடா அப்படித்தான் போகும். மினிடிவி ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 13 ஜிபி பிடிக்கும். மொத்தம் 180 ஜிபி, வேறெங்கும் பிரதி இல்லை.

அந்த நிமிடத்தில் வேலையின் வரிசை மாறியது. கார்ட் கடைசிக்குப் போனது.

பிரதி எடுத்த இரண்டு இரவுகள்

சாகக் கிடக்கும் டிஸ்கிலிருந்து விண்டோஸ் வழியாக ஃபோல்டரை இழுத்துப் போடக் கூடாது. ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் அது அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்கை வாசிக்கும் தலை அடித்து அடித்து மிச்சத்தையும் கெடுக்கும். அதற்கு டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் பென்ட்ரைவிலிருந்து ஏற்றி அதை ஓட்டலாம். நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை வாசித்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் அந்தக் கோப்பின் பயன்.

இரவு எட்டரைக்குத் தொடங்கினேன். பழைய டிஸ்கை வாசித்துப் புதிய 2 டிபி டிஸ்கில் ஒரு படிமக் கோப்பாக, அதாவது டிஸ்க் முழுவதன் பிரதியாக, எழுதும்படி கட்டளை. இங்கேதான் நான் பிழை விட்டேன். வரைபடக் கோப்பை எங்கே வைப்பது என்று யோசிக்காமல், லினக்ஸ் கொடுத்த ஹோம் ஃபோல்டரிலேயே விட்டுவிட்டேன். பென்ட்ரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் அந்த ஃபோல்டர் இருப்பது ரேமில், கரண்ட் போனால் அழிந்துவிடும். ஒன்று நாற்பதுக்கு இடி இடித்துக் கரண்ட் போனது. கடையில் இருந்த யூபிஎஸ் பதினோரு நிமிடம் தாங்கியது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளில் அடிவாங்கிய பற்றரி அது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் வந்து பார்த்தால் படிமம் பாதி இருக்கிறது, வரைபடம் இல்லை.

இரண்டாம் இரவு முதலிலிருந்து ஓட்டினேன். ஏற்கனவே வாசித்த 200 ஜிபிக்கும் மேல் அந்தச் சாகும் டிஸ்க் மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. முடிந்த பிறகு பார்த்தால் நிலுவைச் செக்டர் 48 இலிருந்து 112க்கு ஏறியிருந்தது. அதில் எவ்வளவு என் கவனக்குறைவால், எவ்வளவு தானாக வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுமையை நான்தான் ஏற்றினேன். பாதியில் நின்ற படிமத்தின் எழுதாத பகுதி பூச்சியமாக இருந்தால், அதை வைத்தே வரைபடத்தை மீண்டும் உருவாக்கும் வசதி அதே கருவியில் இருக்கிறது என்று பிறகுதான் கையேட்டில் படித்தேன். இப்போது கடையில் வரைபடக் கோப்புக்கென்றே ஒரு சின்னப் பென்ட்ரைவ் இருக்கிறது. யூபிஎஸ் பற்றரியும் மாற்றியாயிற்று.

இரண்டாம் ஓட்டம் ஒன்பது மணி நேரம் எடுத்தது. கடைசி வரை மீளாமல் நின்றது 1.3 எம்பி. அது எந்தெந்தக் கோப்புகளில் விழுந்தது என்று தேடினேன். பெரும்பாலும் விண்டோஸின் தற்காலிகக் கோப்புகள். ஒரு பங்கு மட்டும் கூத்துக் கோப்பு ஒன்றில். பால் (PAL) முறையில் எடுத்த மினிடிவி வீடியோவின் ஒரு ஃபிரேம் சரியாக 1,44,000 பைட். கெட்டுப்போனது மூன்று ஃபிரேம். செக்கனுக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அண்ணனை அழைத்துக் காட்டினேன். ஆட்கள் பந்தம் பிடித்து நடந்து வரும் காட்சியில் சதுரம் சதுரமாக ஒரு துள்ளல், பிறகு படம் சரியாகிவிடுகிறது. அவர் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எஸ்எஸ்டி

பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் இந்த மெஷினுக்கு முதல் செலவு சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிதான் என்று சொல்லியிருப்பேன். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுப்பது 8.3 மில்லி செக்கன். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அதோடு தலை நகர ஒன்பது மில்லி செக்கன் அளவில். ஆக, சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளில் செக்கனுக்கு எண்பது தடவை கை நீட்டினால் பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் அதே கை நீட்டல் ஒரு மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்கில் முடிகிறது. விண்டோஸ் தொடங்கும்போது நடப்பதெல்லாம் இந்தச் சின்னச் சின்னக் கை நீட்டல்தான்.

மருமகன் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையை வாங்கி, பிசிஐ சொக்கட்டில் அடாப்டர் வைத்துப் போடச் சொன்னாராம். தரவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மதர்போர்ட் பலகையின் பயோஸ், அதாவது மெஷினைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள், தானாக அதிலிருந்து விண்டோஸைத் தொடங்காது, பயோஸையே திருத்தி எழுதுவது மாதிரி ஏதாவது சுற்று வழி எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரரின் வருமான மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்றேன். ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா கேபிளில் மாட்டும் 2.5 அங்குல எஸ்எஸ்டி, 500 ஜிபி. போதும்.

சரி, மாட்டியாயிற்று. வேகத்தைச் சோதித்தால் செக்கனுக்கு 268 எம்பி. 500க்கு மேல் வர வேண்டியது. ஒரு நிமிடம் எஸ்எஸ்டி மேல் சந்தேகம் வந்தது. பிறகு பார்த்தால் நான் டிவிடி டிரைவின் கேபிளைப் பிடுங்கி அதில் சொருகியிருந்தேன். இந்தப் பலகையில் உள்ள க்யூ77 சிப்செட் இரண்டு சாட்டா வாய்களுக்கு மட்டுமே 6 கிகாபிட் கொடுக்கிறது, மற்றவை 3 கிகாபிட். பலகையில் வாய்க்குப் பக்கத்தில் சாட்டா 0, சாட்டா 1 என்று அச்சிட்டிருக்கும், எஸ்எஸ்டி அவற்றில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். மாற்றிய பிறகு 512. உண்மையைச் சொன்னால், 268இல் விட்டிருந்தாலும் அண்ணனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அவர் உணரப் போவது சின்னக் கோப்புகளின் வேகத்தை, அது பழைய டிஸ்கில் 0.6 எம்பி, இதில் 28.

விண்டோஸைப் பழைய படிமத்திலிருந்து அப்படியே பிரதி பண்ணவில்லை. கெட்ட டிஸ்கில் கிடந்த சிஸ்டத்தில் எந்தக் கோப்பு ஓட்டை என்று யாருக்குத் தெரியும்? பயோஸில், டிஸ்கோடு பேசும் சாட்டா முறை ரெய்ட் என்று இருந்ததை ஏஎச்சிஐ ஆக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இதை மாற்றுபவர்கள், முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி வைத்துவிட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீலத்திரைதான்.

புதிதாகப் போட்டதில் ஒன்று தவறியது. அண்ணன் தன் பழைய டைட்டில் புரொஜெக்ட் ஒன்றைத் திறந்தார். மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. இருபது வருட டைட்டில் எல்லாம் பாமினியில் அடித்தவை, அந்த எழுத்துரு புது விண்டோஸில் இல்லை. படிமத்திலிருந்து பழைய ஃபோன்ட்ஸ் ஃபோல்டரைத் தோண்டி எடுத்துப் போட்டதும் பெயர்கள் திரும்பி வந்தன. தமிழில் டைட்டில் அடிப்பவர்களின் மெஷினை அழிப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை மறக்காதீர்கள்.

டெஸ்க்டொப் வர இப்போது 24 விநாடி. அண்ணன் சிரித்தார். “அப்ப கார்ட் வேணாமா தம்பி?”

வேண்டும் அண்ணே, ஆனால் வேறு காரணத்துக்கு என்றேன்.

நீல வாய் இருந்த கார்ட்

இப்போது ஃபோன்களும் கெமராக்களும் கொடுக்கும் 4கே வீடியோக்களில் பல ஹெச்இவிசி வகை, அதாவது கோப்பு சின்னதாக வர அதிகம் சுருக்கிய வீடியோ. ஐ5 3470க்குள் இருக்கும் இன்டெல் எச்டி 2500க்கு அதைப் பிரித்து வாசிக்கும் வன்பொருள் கிடையாது. எல்லாச் சுமையும் நான்கு கோர்களின் தலையில் விழுகிறது. டைம்லைனில் கோட்டை நகர்த்தினால் படம் பின்னால் நொண்டி வருவது அதனால்தான். எஸ்எஸ்டி இதைத் தீர்க்காது. ஆக, நாங்கள் தேடியது கேம் விளையாடும் கார்ட் இல்லை, ஹெச்இவிசியை வாசிக்கவும் எழுதவும் தெரிந்த கார்ட்.

அடுத்த கட்டுப்பாடு பெட்டி. இந்த மினி டவரின் பவர் சப்ளை 275 வொட். கார்டுக்கென்று தனியாக ஆறு முள் இணைப்பு இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் சொக்கட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வொட். இந்த ஒரு எண் சந்தையில் பாதியைக் கழித்துவிடுகிறது. மிச்சத்தில், ஜிடி 1030 முப்பது வொட்டில் ஓடும், ஆனால் அதில் வீடியோ எழுதும் என்கோடர் இல்லை. ஆர்எக்ஸ் 6400லும் இல்லை, அதோடு அது நான்கு லேனில் (தரவுப் பாதையில்) மட்டும் பேசுவதால் பழைய பலகையில் இன்னும் சுருங்கும். கேம் பென்ச்மார்க் அட்டவணைகளைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இந்த இரண்டும் நல்ல கார்டாகத் தெரியும், எடிட் பண்ணுபவருக்கு உதவாது. ஜிடிஎக்ஸ் 1650 நல்லது, ஆனால் சில தயாரிப்புகளுக்கு ஆறு முள் வேண்டும், விலையும் கூட. கடைசியில் பாவித்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று முடிவானது. 2016இல் வந்தது, 75 வொட்.

இதற்குள் அண்ணன் ஒன்லைனில் ஒன்றைப் பார்த்து, பஸ் பார்சலில் வரவழைத்தே விட்டார். பெட்டியைத் திறந்து காட்டும்போது முகமெல்லாம் மலர்ச்சி: “பாருங்க தம்பி, நம்ம மொனிட்டருக்கு ஏத்த மாதிரி வீஜிஏ வாயோட வந்திருக்கு!”

அந்த நீல வாயைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைச் சிப்பிலிருந்து, வீஜிஏ வாய்க்கு வேண்டிய அனலொக் சமிக்ஞையே வெளியே வராது. டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் மூன்றும் டிஜிட்டல். அப்படியிருக்க இந்த வாய் எங்கிருந்து வந்தது? கூடவே கார்டின் பின்பக்கம் ஆறு முள் இணைப்பு வேறு. அதற்குப் பவர் கொடுக்க வழியுள்ள வேறொரு மெஷினில் மாட்டி, கார்டின் சிப் விபரம் காட்டும் ஜிபியூ-இஸட்டில் பார்த்தேன். பெயருக்கு முன்னால் போலி என்று அந்த மென்பொருளே ஆங்கிலத்தில் அடைப்புக்குறி போட்டுக் காட்டியது. உள்ளே இருந்தது ஜிஎஃப்116 என்ற பழைய சிப், 192 கோர். அசல் 1050 டிஐயில் ஜிபி107, 768 கோர். பழைய கார்டின் பயோஸைத் திருத்திப் புதுப் பெயர் எழுதி விற்கிறார்கள். விண்டோஸில் பார்த்தால் 1050 டிஐ என்றே தெரியும். இதை ஒப்டிப்ளெக்ஸில் ஏதாவது கன்வெட்டர் போட்டு மாட்டியிருந்தால் நூறு வொட்டுக்கு மேல் இழுத்து அந்தப் பவர் சப்ளையையும் கொண்டுபோயிருக்கலாம்.

விற்றவர் முதலில் ஃபோனை எடுக்கவில்லை. ஜிபியூ-இஸட் படத்தை அனுப்பிய பிறகு எடுத்தார். தனக்குத் தெரியாது என்றார். பாதிப் பணம் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு நானே கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் மெஷினில் போட்டு ஓட்டிப் பார்த்து, இருபது நிமிடம் சுமை கொடுத்து, ஃபேன் சத்தம் கேட்டு, ஒன்றை வாங்கி வந்தேன். ஆறு முள் இல்லாதது, நீல வாய் இல்லாதது.

அப்புறம் வந்த சிக்கல்கள் சின்னவை. கார்ட் போட்டதும் திரை கறுப்பு, காரணம் கேபிள் இன்னும் பலகையில் சொருகியிருந்தது. கார்ட் இருப்பது தெரிந்ததும் இந்த பயோஸ் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். மொனிட்டரோ வீஜிஏ மட்டும் உள்ளது. டிவிஐக்கு மாட்டும் சும்மா அடாப்டர் இதில் பொருந்தாது, அனலொக் முள் நான்கும் இந்த வாயில் இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து வீஜிஏக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெட்டர் ஒன்று போட்டேன். வீஜிஏ கார்ட் வாங்கிய ஆளுக்கு அதில் வீஜிஏ இல்லை என்று விளங்கவைக்க ஒரு பிளேன்டி குடித்து முடிக்கும் நேரம் ஆனது. நிறம் பார்த்து வேலை செய்பவருக்கு அந்த மொனிட்டரே கூடாது, அதைத் தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம் என்றிருக்கிறார்.

பவர் சப்ளையை மாற்றலாமா என்று யோசித்தேன். சுவரில் மீட்டர் வைத்துப் பிராசசருக்கும் கார்டுக்கும் ஒன்றாகச் சுமை கொடுத்தேன், அதிகபட்சம் 168 வொட். விட்டுவிட்டேன். பதின்மூன்று வயதுச் சப்ளை என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பெட்டியின் உள்பக்கம் திகதி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அண்ணன் கொண்டுவந்த கல்யாண ஹைலைட் ஒன்று, ஃபோன் 4கே கிளிப்புகளோடு பன்னிரண்டு நிமிடம். அதை முழு எச்டியில் வெளியேற்ற, எஸ்எஸ்டி மட்டும் இருந்தபோது 71 நிமிடம். கார்டுக்குப் பிறகு 11. டிஸ்க் மாற்றம் மெஷினைத் திறப்பதை மாற்றியது, கார்ட் மாற்றியது இதை. இரண்டையும் ஒரே நாளில் போட்டிருந்தால் எது எதைச் செய்தது என்று எனக்கே தெரிந்திருக்காது.

இதற்கு மேல் இந்தப் பெட்டியில் பணம் போட வேண்டாம் என்று சொல்லியே அனுப்பினேன். மூன்றாம் தலைமுறைப் பிராசசர், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பும் பழைய 1.2. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அன்றிலிருந்து அந்த மெஷின் எடிட்டுக்கு மட்டும், இணையத்தில் இல்லை. மின்னஞ்சலும் வங்கியும் ஃபோனில். பாஸ்கல் கார்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே பெட்டியை மாற்ற வேண்டி வரும்.

கூத்துக் கோப்புகள் இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒன்று மெஷினில் உள்ள 2 டிபி டிஸ்கில். இன்னொன்று ஒரு வெளி டிஸ்கில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு பிஸ்கட் டின்னுக்குள், கொட்டகலையில் அண்ணனின் அக்கா வீட்டு அலமாரியில். பழைய 500 ஜிபி டிஸ்கை எறியச் சொன்னேன். அவர் எறியவில்லை. அதே உரச் சாக்கில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.